ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ்ல மைனிங் ஷிப்: காலியா பறக்குதேன்னு நம்பி ஏமாறாதீங்க

ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ்ங்கற கேம்ல நான் கட்டின முதல் மைனிங் ஷிப் இப்பவும் ஒரு இரும்பு சுரங்கத்துக்குள்ள 30 மீட்டர் ஆழத்துல கிடக்குது. 3 டிரில், ஒரு பெரிய கார்கோ டப்பா, மேல தூக்க ஒரே ஒரு பெரிய அட்மாஸ்ஃபெரிக் திரஸ்டர் (காத்து இருக்கற எடத்துல மட்டும் தள்ளற எஞ்சின்). காலியா 20 டன் இருந்துச்சு, பேஸ்ல இருந்து கிளம்பறப்ப பட்டாம்பூச்சி மாதிரி பறந்துச்சு, நானும் ஆஹா நம்ம கைல என்னமோ இருக்குடான்னு நெனச்சுக்கிட்டு நேரா குழிக்குள்ள இறங்கி டப்பா ரொம்பற வரைக்கும் தோண்டிட்டு ஸ்பேஸ் பாரை அமுக்கறேன் அமுக்கறேன் அமுக்கிக்கிட்டே இருக்கேன், கப்பல் ஒரு இஞ்ச் நகரல. கூட ஆடிட்டிருந்த மச்சான் மேல இருந்து எட்டிப் பாத்துட்டு "கப்பல் கட்டினியா, இல்ல கிணத்துக்கு மூடி செஞ்சியா"ன்னு கேட்டான்.

அப்புறம் கால்குலேட்டர் எடுத்து உக்காந்து பாத்தா கேம் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா என் மேலதான். இந்த கேம்ல மைனிங் ஷிப்பை காலி எடைய வெச்சு பாக்கவே கூடாது, லோடு ஏத்தின எடைய வெச்சுதான் பாக்கணும். கீழ எழுதியிருக்கறது எல்லாமே சுத்தி சுத்தி இந்த ஒரு விஷயத்துக்குத்தான் வரும், அதனால மறுபடி மறுபடி அதையே சொல்றேன்னு கோச்சுக்காதீங்க.

கேம் புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு ரெண்டு வரி. பிராக் நகரத்துல இருக்கற கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் பண்ணினது, 2013ல ஏர்லி ஆக்சஸ்ல வந்து 2019ல முழுசா ரிலீஸ் ஆச்சு. இதுல கப்பலை கடைல வாங்கி அதுக்கு லெவல் ஏத்தற கதையெல்லாம் பெருசா கிடையாது, ஒவ்வொரு பிளாக்கா நாமளே கட்டணும், அதனால "அப்கிரேடு"ன்னா வெல்டரும் கிரைண்டரும் கைல வெச்சுக்கிட்டு கப்பலையே மாத்திக் கட்டறதுதான். பிளாக் ரெண்டு சைஸ்ல வரும். ஸ்மால் கிரிட்ல ஒரு பிளாக் அரை மீட்டர், லார்ஜ் கிரிட்ல இரண்டரை மீட்டர். முதல் மைனர் ஸ்மால் கிரிட்ல கட்டுங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

இப்ப கணக்குக்கு வருவோம், பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். உலகம் உருவாக்கறப்ப இன்வென்டரி சைஸ்னு ஒரு செட்டிங் கேக்கும், 1 மடங்கு, 3 மடங்கு, 10 மடங்குன்னு இருக்கும். நான் சொல்ற நம்பர் எல்லாம் 1 மடங்குக்கு. இந்த கேம்ல எந்த தாதுவா இருந்தாலும் ஒரு கிலோ 0.37 லிட்டர் இடம் புடிக்கும், இரும்பா இருந்தாலும் சரி தங்கமா இருந்தாலும் சரி ஐஸா இருந்தாலும் சரி எல்லாம் ஒண்ணுதான், இயற்பியல் வாத்தியார் பாத்தா அழுதுடுவாரு ஆனா நமக்கு கணக்கு ஈஸி. ஸ்மால் கிரிட் மீடியம் டப்பா 3,375 லிட்டர், அதுல தாது ரொம்பினா சுமார் 9.1 டன். பெரிய டப்பா 15,625 லிட்டர், அதுல ரொம்பினா 42 டன்னுக்கு மேல. ஆமா, 42 டன். வெளிய இருந்து பாத்தா ஒரு ரூம் சைஸ் கூட இல்லாத டப்பா!

தூக்கற பக்கம் பாருங்க. ஸ்மால் கிரிட்ல சின்ன அட்மாஸ் திரஸ்டர் 96 கிலோநியூட்டன் தள்ளும், பூமி மாதிரி இருக்கற எர்த்லைக் கிரகத்துல ஒரு ஜி ஈர்ப்புல அது 9.8 டன்னை அந்தரத்துல நிறுத்தும். பெரிய அட்மாஸ் 576 கிலோநியூட்டன், சுமார் 58.7 டன். இப்ப என் கிணத்து மூடியோட கதைய திரும்ப பாருங்க: காலி 20, லோடு 42, மொத்தம் 62, தூக்க முடிஞ்சது 58.7. மூணரை டன்னு பத்தல, அவ்ளோதான், ஆனா மூணரை டன்னுன்னா அது மூணரை டன்தான்.

இதுல இன்னும் ஒரு பொறி இருக்கு, நிறைய பேரு கவனிக்கறதே இல்ல. டிரில்லுக்கும் உள்ள இடம் இருக்கு. ஸ்மால் கிரிட் டிரில் ஒண்ணுல 3,375 லிட்டர், அதாவது மீடியம் டப்பா ஒண்ணுக்கு சமம். டப்பா ரொம்பின பிறகும் நீங்க பட்டனை விடாம தோண்டினா டிரில்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா 9 டன் ஏத்திக்கும். 3 டிரில்னா 27 டன். அப்ப அதே கப்பல் முழு லோடுல 20, 42, 27 எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 90 டன். காலியா பாத்த 20 டன் கப்பலா இது?

அதனால நான் மனசுல வெச்சிருக்கற வாய்ப்பாடு இதுதான்: ஒரு மீடியம் டப்பாவுக்கு மேல பாத்து தள்ளற ஒரு சின்ன அட்மாஸ், ஒரு டிரில்லுக்கு இன்னொரு சின்ன அட்மாஸ், கப்பலோட காலி எடைக்கு 10 டன்னுக்கு ஒண்ணு, அதுக்கு மேல மூணுல ஒரு பங்கு எக்ஸ்ட்ரா. பெரிய அட்மாஸ் ஒண்ணு சின்னது ஆறுக்கு சமம், இடமும் மிச்சம். என் 90 டன் கப்பலுக்கு ரெண்டு பெரிய அட்மாஸ் போட்டா 117 டன் வரைக்கும் தாங்கும், அது போதும். உயரத்துக்கு போகப் போக காத்து குறையறதால அட்மாஸ் தள்ளறதும் குறைஞ்சிடும், மலை உச்சில சுரங்கம் வெச்சிருக்கறவங்க அதையும் சேத்துக்கோங்க.

நல்ல செய்தி ஒண்ணு: திரஸ்டரை கப்பல்ல எந்த மூலைல வெச்சாலும் பரவால்ல. இந்த கேம்ல தள்ளு விசை எடை மையத்துலதான் வேலை செய்யும், அதனால ஒரு பக்கமா வெச்சா கவுந்துடும்னு பயப்பட வேண்டாம், இடம் கிடைக்கற எடத்துல சொருகுங்க. (ரோட்டர், பிஸ்டன் மேல வெச்சா அது வேற கதை.) ஆனா திரஸ்டர் வாய்க்கு நேர பின்னாடி வேற பிளாக் வெக்காதீங்க, நெருப்புல கருகிடும்.

சரி, முதல் கப்பல் எதை எடுக்கறது. எர்த்லைக்ல டிராப் பாட்ல (ஆரம்பத்துல நம்மள இறக்கி விடற குட்டிக் கப்பல்) இறங்கினதும் கைல ஒரு டிரில், பக்கத்துல ஒரு சர்வைவல் கிட். கல்லை அதுல போட்டா இரும்பு, நிக்கல், சிலிக்கான் மூணும் வரும், ஆரம்ப டிரில் கட்டறதுக்கு அதுவே போதும். ஆனா திரஸ்டர் கட்டறப்ப மெட்டல் கிரிட்னு ஒரு பாகம் கேக்கும், மெட்டல் கிரிட்டுக்கு கோபால்ட் வேணும், கோபால்ட் கல்லுல வராது. அதனால முதல் வேலையா பறக்கறதுக்கு ஆசைப்படாம நாலு சக்கரம் வெச்ச ஒரு வண்டிய கட்டி ஓர் டிடெக்டரை (தாது எங்க இருக்குன்னு காட்டற கருவி) மாட்டிக்கிட்டு சுத்துங்க. ஸ்மால் கிரிட் டிடெக்டர் 50 மீட்டர்தான் பாக்கும், அதனால கண்ணையும் தொறந்து வெச்சுக்கணும். தரைல திட்டு திட்டா கறுப்பா, நிறம் மாறி தெரியற எடத்துக்கு கீழ பெரும்பாலும் ஏதாவது ஒரு தாது இருக்கும். கோபால்ட் கிடைச்ச நாள்தான் மைனிங் ஷிப்புக்கு பூஜை போடற நாள்.

அந்த முதல் ஷிப்புல என்ன வேணும்னா: ஒண்ணோ ரெண்டோ டிரில், ஒரு மீடியம் டப்பா, மேல தள்ள 5 சின்ன அட்மாஸ், மத்த 5 திசைக்கும் ஒண்ணு ஒண்ணு, ஒரு பேட்டரி, ரெண்டு கைரோ (கப்பலை திருப்பற பிளாக்), ஒரு கனெக்டர் (கப்பலை பேஸோட மாட்டற பிளாக்), ஒரு ஓர் டிடெக்டர். பாக்க அசிங்கமா இருக்கும். இருக்கட்டும். அகலக்கால் வெக்கற ஆளுங்கதான் இந்த கேம்ல முதல் வாரமே வெறுத்துப் போய் அன்இன்ஸ்டால் பண்றாங்க, 8 டிரில் வெச்ச ராட்சசனை முதல் நாளே கட்ட ஆரம்பிச்சு பாதில இரும்பு தீந்து பேஸ் வாசல்ல எலும்புக்கூடு மாதிரி நிக்கும். நான் பாத்திருக்கேன், நானும் நிறுத்தியிருக்கேன்.

டிரில் வெக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. டிரில் தோண்டற ஓட்டைக்குள்ள உங்க கப்பல் முழுசா நுழையணும். டிரில் மூக்கு மட்டும் உள்ள போய் றெக்க மாதிரி துருத்திக்கிட்டு இருக்கற திரஸ்டர் பாறைல இடிச்சா அங்கயே முடிஞ்சது. அதனால கப்பலை முன்னாடி இருந்து பாக்கறப்ப டிரில்லுங்கதான் ஓரம் வரைக்கும் தெரியணும், மத்ததெல்லாம் அதுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கணும். ஒல்லியா நீளமா கட்டுங்க, குண்டா கட்டாதீங்க. அப்புறம் கன்வேயர் (சரக்கு போகற குழாய்) விஷயம்: தாது சின்ன டியூப்லயே போகும், பெரிய கன்வேயர் போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம், பெரிய காம்பொனென்ட் ஏத்தறப்பதான் பெருசு வேணும்.

இப்ப அப்கிரேடு வரிசை, இங்கதான் நான் மத்தவங்களோட சண்டை போடற எடம். எல்லாரும் கைல காசு வந்ததும் முதல்ல டிரில் ஏத்துவாங்க. தப்பு. டிரில் ஏத்தினா வேகமா ரொம்பும், வேகமா ரொம்பினா வேகமா மாட்டிக்குவீங்க. என் வரிசை: முதல்ல மேல தள்ளற திரஸ்டர், அப்புறம் பேட்டரி, அப்புறம் பிரேக்கு, அதுக்கு அப்புறம் டப்பா, கடைசில டிரில். லாரிக்கு டயரும் எஞ்சினும் பாக்காம பாடிய உசத்திக் கட்டற ஆளு உண்டா?

பேட்டரிய ஏன் ரெண்டாவது சொல்றேன்னா, திரஸ்டர் இருந்தும் கரண்ட் பத்தலன்னா ஒண்ணும் நடக்காது. ஸ்மால் கிரிட் பேட்டரி ஒண்ணு 1 மெகாவாட் மணி சேத்து வெக்கும், ஆனா ஒரே நேரத்துல அதிகபட்சம் 4 மெகாவாட்தான் குடுக்கும். பெரிய அட்மாஸ் முழு வேகத்துல 2.4 மெகாவாட் தின்னும். ரெண்டு பெரிய அட்மாஸ் முழுசா அமுக்கினா 4.8 ஆச்சு, ஒத்தப் பேட்டரி அங்கயே படுத்துடும், மத்த பக்கத்து திரஸ்டருக்கும் டிரில்லுக்கும் என்ன குடுப்பீங்க? 90 டன் லோடோட சும்மா அந்தரத்துல நிக்கறதுக்கே மூணரை மெகாவாட்டுக்கு மேல போகும், ரெண்டு பேட்டரி முழுசா இருந்தாலும் அரை மணி நேரம் கொஞ்சம் சொச்சம்தான். அதனால அந்த சைஸ் கப்பலுக்கு மூணு பேட்டரி, முடிஞ்சா நாலு. இன்னொண்ணு, புதுசா கட்டின பேட்டரில முழு சார்ஜ் இருக்காது, பேஸ்ல மாட்டி ஏத்திட்டு கிளம்புங்க.

பிரேக்கு. இத பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. கேம்ல அதிகபட்ச வேகம் செகண்டுக்கு 100 மீட்டர். 90 டன் கப்பலை அந்த வேகத்துல ஓட்டிட்டு வந்து பின்னால தள்ளற ஒத்த சின்ன அட்மாஸை நம்பி கைய விட்டீங்கன்னா நிக்கறதுக்கு ஒன்றரை நிமிஷம் ஆகும், அதுக்குள்ள 4.7 கிலோமீட்டர் போயிருப்பீங்க. உங்க பேஸ் 2 கிலோமீட்டர்ல இருந்தா? எனக்கு இருந்துச்சு. ரிஃபைனரிய (தாது உருக்கற பிளாக்) ரெண்டாவது தடவ கட்டினேன், சோலார் பேனலை அப்புறம் கட்டவே இல்ல. பெரிய அட்மாஸ் ஒண்ணை பிரேக்குக்குன்னே வெச்சா அதே கப்பல் 800 மீட்டருக்குள்ள நிக்கும், விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனா ரிஃபைனரிய விட கம்மி. கீழ இறங்கறதும் இதே கதைதான்: ரெண்டு பெரிய அட்மாஸ் வெச்ச 90 டன் கப்பலை மேல இருந்து 100 மீட்டர் வேகத்துல விட்டா நிறுத்தறதுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல உயரம் வேணும், தரை தெரியுதுன்னு அமுக்கினா லேட்டு. காலியா இருக்கறப்ப சட்டுனு நின்ன பழக்கத்துல லோடு வண்டிய ஓட்டறதுதான் பாதி விபத்துக்கு காரணம்.

கைரோவும் அப்பப்ப ஒண்ணு ஏத்திக்கிட்டே வாங்க. லோடு ஏறினதும் மூக்கு திருப்பறதுக்கு யானை திரும்பற மாதிரி திரும்பினா கைரோ பத்தலன்னு அர்த்தம். எங்க வெச்சாலும் வேலை செய்யும்.

இப்ப காசே செலவில்லாத அப்கிரேடு ஒண்ணு சொல்றேன், இது தெரியாம நான் நாப்பது அம்பது மணி நேரம் ஆடியிருக்கேன். லெஃப்ட் கிளிக்ல டிரில் பண்ணினா தோண்டினதை எல்லாம் கப்பல் எடுத்துக்கும். ரைட் கிளிக்ல பண்ணினா எதையும் எடுக்காது, சும்மா தோண்டும், அதுவும் இன்னும் அகலமா, இன்னும் வேகமா. தாது 20 மீட்டர் கீழ இருக்குன்னா அது வரைக்கும் ரைட் கிளிக்லயே போங்க. மேல இருக்கறது எல்லாம் வெறும் கல்லு, அதை டப்பால ஏத்தி பேஸுக்கு கொண்டு வந்து என்ன பண்ணப் போறீங்க? டிடெக்டர் காட்டற புள்ளி மூக்குக்கு நேர வந்ததும் லெஃப்ட் கிளிக்குக்கு மாறுங்க. ஓட்டை அகலமா இருக்கறதால திரும்பி வர்றப்பவும் இடிக்காது. டிரில்லுங்களுக்கு நடுவுல ஒரு கேமரா, பக்கத்துல ஒரு லைட், இது ரெண்டும் இருந்தா போதும், இருட்டுல தடவிக்கிட்டு போக வேண்டாம்.

அப்படியும் கல்லு கொஞ்சம் வரத்தான் செய்யும். அதுக்கு கன்வேயர் சார்ட்டர் (சரக்கை பிரிச்சு அனுப்பற பிளாக்) ஒண்ணை வெச்சு, கல்லு மட்டும் போகற மாதிரி செட் பண்ணி, அதுல டிரெயின் ஆல்ங்கற செட்டிங்கை ஆன் பண்ணி, அந்தப் பக்கம் ஒரு எஜெக்டரை மாட்டி த்ரோ அவுட்டை போட்டு விட்டா கப்பல் தானா கல்லை துப்பிக்கிட்டே இருக்கும். எஜெக்டர் வாய் பின்னாடி பாத்து இருக்கட்டும், கீழ பாத்து வெச்சா குழிக்குள்ள நீங்களே துப்பி நீங்களே அது மேல உக்காருவீங்க. ஒரு எச்சரிக்கை: ஆரம்பத்துல கல்லும் உங்களுக்கு சொத்துதான், சர்வைவல் கிட்டை நம்பி இருக்கற வரைக்கும் இந்த எஜெக்டர் எல்லாம் வேண்டாம். இன்னொண்ணு, பேஸ்ல மாட்டறப்ப எஜெக்டரை ஆஃப் பண்ணிடுங்க, இல்லாட்டி பேஸ்ல சேத்து வெச்ச கல்லையும் சார்ட்டர் இழுத்து இழுத்து வாசல்ல கொட்டும்.

2023ல வந்த ஆட்டோமேட்டான்ஸ் அப்டேட்ல ஈவென்ட் கன்ட்ரோலர்னு ஒரு பிளாக் குடுத்தாங்க. டப்பா இத்தன சதவீதம் ரொம்பினா இதை பண்ணுன்னு சொல்லி வெக்கலாம். நான் 90 சதவீதத்துல டிரில் எல்லாத்தையும் ஆஃப் பண்ற மாதிரி போட்டிருக்கேன், அதோட டிரில்லுக்குள்ள 27 டன் ஏறற பிரச்சினை போச்சு. தோண்டற ஜோர்ல நம்மளால நிறுத்த முடியாது, அது நிறுத்தும்.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு: கப்பலை விட்டு இறங்கி டப்பால இருந்து தாதுவ உங்க சூட்டுக்கு மாத்தி கீழ போடுங்க. சூட்டு 400 லிட்டர் புடிக்கும், ஒரு நடைக்கு ஒரு டன் மேல. என் கிணத்து மூடிய நான் ஆறு நடைல கிளப்பினேன், மேல வந்த சந்தோஷத்துல மறுபடி உள்ள போனேன், அதான் இப்ப இருக்கற எடம்.

அடுத்து எர்த்லைக்கை விட்டு வெளிய போறது. இது ஆசைக்காக போறது இல்ல, கட்டாயம். பிளாட்டினமும் யுரேனியமும் எர்த்லைக்ல கிடையாது. வெற்றிடத்துல கரண்ட்லயே ஓடற அயான் திரஸ்டர் கட்ட திரஸ்டர் காம்பொனென்ட் வேணும், அதுக்கு பிளாட்டினம் வேணும், பிளாட்டினத்துக்கு நிலாவுக்கோ ஆஸ்டிராய்டுக்கோ போகணும், அங்க போக அட்மாஸ் உதவாது ஏன்னா காத்தே இல்லாத எடத்துல அது வெறும் இரும்புத் துண்டு. நடுவுல பாலம் போடறதுதான் ஹைட்ரஜன் திரஸ்டர். காத்துலயும் வேலை செய்யும் வெற்றிடத்துலயும் செய்யும், பிளாட்டினம் கேக்காது. ஸ்மால் கிரிட்ல சின்னது 98.4, பெருசு 480 கிலோநியூட்டன். ஆனா ஹைட்ரஜனை ஐஸ்ல இருந்துதான் எடுக்கணும், அதை தின்னு தீக்கும், ஜெனரேட்டர், டேங்க் எல்லாம் சேந்து கப்பல் குண்டாகும். தினமும் தோண்டப் போற கப்பலுக்கு ஹைட்ரஜன் எனக்குப் புடிக்காது. ஒரு தடவ நிலாவுக்கு ஏறிப் போய் அங்க குடித்தனம் வெக்கறதுக்கு அதுதான் சரி.

நிலாவுல ஈர்ப்பு கால் ஜிதான். அங்க அயான் முழு பலத்தோட வேலை செய்யும். ஸ்மால் கிரிட் பெரிய அயான் 172.8 கிலோநியூட்டன், அது நிலாவுல 70 டன்னை நிறுத்தும். அதே அயானை எர்த்லைக் தரைல வெச்சா அஞ்சுல ஒரு பங்குதான் தள்ளும், மூணரை டன் தூக்கினா அதிகம். எர்த்லைக்ல அயான் வெச்ச மைனரை கட்டிட்டு ஏன் எந்திரிக்க மாட்டேங்குதுன்னு கேக்கறவங்க வாரத்துக்கு ஒருத்தர் வருவாங்க. ஒரு பெரிய அயானுக்கு தேவையான பிளாட்டினத்துக்கு கிட்டத்தட்ட ஒரு டன் தாது தோண்டணும், அதுவும் ரியலிஸ்டிக் செட்டிங்ல. மீடியம் டப்பா ஒரு லோடு வந்தா ஒன்பது அயானுக்கு ஆச்சு, பரவால்லதான.

ஆஸ்டிராய்டுல ஈர்ப்பு இல்ல, அங்க தூக்கற கவலை போச்சு. ஆனா நிறுத்தற கவலை போகல! எடை இல்லாட்டியும் நிறை அப்படியே இருக்கு. சின்ன அயான் வெறும் 14.4 கிலோநியூட்டன், அதை நம்பி 60 டன்னை 100 மீட்டர் வேகத்துல இருந்து நிறுத்தப் பாத்தா ஏழு நிமிஷம் ஆகும். போய் டீ போட்டுட்டு வரலாம்.

தாதுவை எங்க உருக்கறதுன்னு யோசிக்கறதும் கப்பல் தேர்வுலதான் சேரும். 1,000 கிலோ இரும்புத் தாது உருக்கினா 700 கிலோ இரும்பு வரும். கோபால்ட் 300. வெள்ளி 100. தங்கம் 10 கிலோ. பிளாட்டினம் வெறும் 5 கிலோ. இப்ப சொல்லுங்க, நிலாவுல இருந்து 42 டன் பிளாட்டினம் தாதுவை ஹைட்ரஜன் எரிச்சு எர்த்லைக்குக்கு இறக்கினா உங்க கைக்கு வர்றது 211 கிலோ. சுண்டைக்கா கால் பணம், சுமை கூலி முக்கா பணம். ரிஃபைனரிய அங்க கட்டி உருக்கின கட்டிய மட்டும் ஒரு குட்டிக் கப்பல்ல கொண்டு வாங்க. இரும்பு, சிலிக்கான் மாதிரி சரக்குக்குத்தான் பெரிய டப்பா வெச்ச லோடு வண்டி வேணும், தங்கமும் பிளாட்டினமும் தோண்டறதுக்கு மீடியம் டப்பா கப்பலும் பக்கத்துலயே ஒரு ரிஃபைனரியும் இருந்தா போதும்.

சொந்தமா கட்ட பொறுமை இல்லாதவங்க ஸ்டீம் வொர்க்‌ஷாப்ல இருந்து பிளூபிரிண்ட் எடுப்பீங்க, தப்பில்ல, நானும் எடுப்பேன். ஆனா படத்தை பாத்து மயங்காதீங்க. எர்த்லைக்குக்கு எடுக்கறீங்கன்னா அயான் இருந்தா ஓரம் தள்ளுங்க. மோட், ஸ்கிரிப்ட், உங்ககிட்ட இல்லாத டிஎல்சி பிளாக் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு கிரியேட்டிவ் உலகம் தொறந்து எர்த்லைக்ல அந்த கப்பலை ஒட்டி, போய் கல்லையாவது தோண்டி டப்பா டிரில்லு எல்லாம் முட்ட முட்ட ரொப்பி, குழிக்குள்ள இருந்து நேரா மேல ஏறுதான்னு பாருங்க. காக்பிட்ல உக்காந்தா மொத்த நிறை திரைலயே காட்டும், காலிக்கும் லோடுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்க கண்ணாலயே பாப்பீங்க. பத்து நிமிஷ வேலை. இதுல பாதி அழகான கப்பலுங்க தோத்துப் போகும். சொந்தக் கப்பலையும் கண்ட்ரோல் பி (B) அடிச்சு பிளூபிரிண்டா சேத்து வெச்சுக்கோங்க, இடிச்சு நொறுங்கினா புரொஜெக்டர் வெச்சு அதே மாதிரி வெல்டு பண்ணிக்கலாம்.

லார்ஜ் கிரிட் மைனர் எப்பன்னு கேப்பீங்க. எர்த்லைக்லன்னா என் பதில்: வேண்டாம். லார்ஜ் கிரிட் டிரில் ஒண்ணுக்குள்ளயே 63 டன் ஏறும், பெரிய டப்பா ரொம்பினா 1,140 டன். லார்ஜ் கிரிட் பெரிய அட்மாஸ் ஒண்ணு 660 டன் தாங்கும், அப்ப சரக்கை மட்டும் தூக்கவே ரெண்டு, கப்பல் எடைக்கு இன்னும் மேல, அதுக்கு கரண்டு, அது இறங்க ஒரு மைதானம். அதுக்கு பதிலா பிஸ்டன் வெச்சு தரைலயே ஊனின டிரில் ரிக் கட்டினா அது பாட்டுக்கு தோண்டும், பறக்கவே வேண்டாம். ஆஸ்டிராய்டுலன்னா லார்ஜ் கிரிட் தாராளமா கட்டுங்க, அங்கதான் அதுக்கு மரியாதை, ஒரு பாறைய முழுசா முழுங்கிட்டு வரும். டிடெக்டரும் அதுல 150 மீட்டர் பாக்கும்.

கடைசியா பேஸ்ல இருந்து கிளம்பறப்ப. பேஸ்ல பி (P) அமுக்கி கனெக்டர் மாட்டினதும் பேட்டரிய ரீசார்ஜ்ல போட்டிருப்பீங்க, ஹைட்ரஜன் கப்பல்னா டேங்கை ஸ்டாக்பைல்ல போட்டிருப்பீங்க, திரஸ்டரையும் ஆஃப் பண்ணியிருப்பீங்க. ரீசார்ஜ்ல இருக்கற பேட்டரி கரண்டு உள்ள வாங்கும், வெளிய குடுக்காது. ஸ்டாக்பைல் டேங்கும் அப்படித்தான். மறந்துட்டு பி அடிச்சு கழட்டினா விளக்கெல்லாம் அணைஞ்சு கப்பல் கல்லு மாதிரி விழும். அதுக்குன்னே டூல்பார்ல முதல் மூணு நம்பருக்கு பேட்டரி ஆட்டோ, ஸ்டாக்பைல் ஆஃப், திரஸ்டர் ஆன் வெச்சிருக்கேன், ஒண்ணு ரெண்டு மூணு அமுக்கி, ஸ்பேஸ் பாரை லேசா தட்டி திரஸ்டர்ல நெருப்பு வருதான்னு பாத்துட்டு, டேம்பனர் (கப்பலை தானா நிறுத்தற வசதி, இசட் பட்டன்) ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம்தான் பி. மச்சான் இதை பாத்து தேர் இழுக்கற மாதிரி சாங்கியம் பண்றடான்னு சிரிப்பான். அவன் கப்பல் 40 மீட்டர் உயர கனெக்டர்ல இருந்து விழுந்த அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து வெச்சிருக்கேன்.